பயாஸ் பாஸ்வேர்டு மறந்துபோச்சா?

கேள்வி: 2015-இல் புதிதாக வாங்கிய டெல் லேப்டாப். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டதால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி மகளுக்குக் கொடுக்க நினைத்தேன். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. எப்போதோ நானே வைத்தது, சுத்தமாக மறந்துவிட்டது. பக்கத்துக் கடையில் "மதர்போர்டு மாத்தணும், 6,500 ஆகும்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பவர் பட்டனை அழுத்தியதுமே பாஸ்வேர்டு கேட்டால் அது பெரிய தலைவலி. உங்களுக்கு பயாஸுக்குள் நுழையும்போது மட்டும்தானே கேட்கிறது? விண்டோஸ் வழக்கம்போலத் திறக்கிறது. வீடு திறந்துதான் இருக்கிறது, பீரோதான் பூட்டியிருக்கிறது. லினக்ஸ் ஏற்ற பீரோவைத் திறந்தே ஆகவேண்டும் என்பதில்லை. லினக்ஸ் இருக்கும் பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள். எதிலிருந்து பூட் ஆகவேண்டும், அதாவது தொடங்கவேண்டும், என்ற பட்டியல் வரும். பல மாடல்களில் அதற்குப் பாஸ்வேர்டு கேட்பதில்லை. கேட்டால், விண்டோஸுக்குள் ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, 'யூஸ் எ டிவைஸ்' வழியாக முயன்று பாருங்கள்.

அதுவும் நடக்கவில்லையா? ஞாபகத்துக்கு வரும் பாஸ்வேர்டுகளைப் போட்டும் ஏற்கவில்லை என்றால் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். என் மைத்துனர் இரண்டு வாரம் கடை கடையாக அலைந்தார். பாஸ்வேர்டு 8 எழுத்து. கட்டத்தில் விழுந்த புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் 7. 'எஸ்' கீ செத்திருந்தது! வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகியதும் திறந்துகொண்டது. சின்ன லேப்டாப்களில் நம்லாக் ஆன் ஆகியிருந்தால் ஜே, கே, எல் அடிக்கும் இடத்தில் 1, 2, 3 விழும். அதையும் பாருங்கள்.

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். பழைய டெஸ்க்டாப்களில் பலிக்கலாம். ஆனால் பல லேப்டாப்களில் பாஸ்வேர்டு, மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும் தனிச் சிப்பில் இருப்பதால், பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம்தான் பின்னால் போகும்.

இனி முறையான வழி. அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் 7 எழுத்து சர்வீஸ் டேக்கையும் பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு டெல்லின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். மாடலைப் பொறுத்து, உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதியானபின் திறக்கும் பாஸ்வேர்டு தரும் வழக்கம் உண்டு. பழைய இன்டெல் மேக்புக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: ஆப்பிள் கேட்பது வாங்கியதற்கான ரசீது. பாஸ்வேர்டு எடுத்துத் தருகிறோம் என்று ஏதாவது எக்ஸ்இ பைலை இறக்கச் சொல்லும் தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

6,500 ரூபாய்க்கு வருவோம். கையில் இருப்பது 2015 மாடல். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பூட்டில்லாத பழைய லேப்டாப்பே கிடைக்கும்.

கேள்வி: செகண்ட்ஹேண்ட் லெனோவோ திங்க்பேட் லேப்டாப் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. பயாஸுக்குள் போக எஃப்1 அழுத்தினால் பூட்டுப் படம் வருகிறது. "அது ஒண்ணும் பண்ணாது, விடுங்க" என்கிறார் கடைக்காரர்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விடாதீர்கள். அது பயாஸைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டாக இருக்கும். அது தொலைந்தால் மதர்போர்டை மாற்றவேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்லும் ஒரே வழி. கம்பெனிகள் கழித்துக் கட்டிய லேப்டாப்களில் இப்படிப் பூட்டு மிச்சமிருப்பது சகஜம். திருட்டுப் பொருளாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஹார்டு டிஸ்குக்கும் தனிப் பாஸ்வேர்டு இருந்துவிட்டால் அதை லெனோவோவாலேயே எடுக்க முடியாது.

"பூட்டை எடுத்துக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு கொடுங்கள்" என்று எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. கடையில் வாங்கியதால் இந்த வசதி. தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவாது.

பில் தரவில்லையா? பணம் அனுப்பிய யூபிஐ ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பூட்டுப் படம் தெரியும் திரையையும் சீரியல் நம்பரோடு சேர்த்து இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.