ஹைதராபாத்தில் உருது பேசுற அறுபது வயசு வீட்டுக்கார அம்மாவை வெறும் 'பேகம்' என்று கூப்பிட்டேன், அவங்க முகம் சுருங்கிடுச்சு. அப்படிக் கூப்பிடலாமா?

வேண்டாம், 'காலா' என்று கூப்பிடுங்க. ஹைதராபாத்தில் அறுபது வயசு வீட்டுக்கார அம்மா என்கிறீங்க, அவங்களுக்கு அதுதான் பொருத்தம். உருதுவில் அது சித்தி, பெரியம்மா முறை. 'காலாஜான்' என்றால் இன்னும் நெருக்கம்.

அவங்க முகம் சுருங்கினதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும்: பேர் சேர்க்காம 'பேகம்' என்று மட்டும் சொன்னா, புருஷன் பொண்டாட்டியைக் கூப்பிடுற மாதிரி. 'பேகம் சாஹிபா' என்றிருந்தா பிரச்சினையே இல்லை.

கூடவே வினையையும் கவனிங்க. காலா என்று சொல்லிட்டு, 'தும் கஹான் ஜா ரஹீ ஹோ' (நீ எங்கே போறே) என்று கேட்டா மரியாதை அங்கேயே போச்சு. 'ஆப் கஹான் ஜா ரஹீ ஹைன்' (நீங்க எங்கே போறீங்க) என்று கேளுங்க. தமிழ்ல நீ, நீங்க வித்தியாசம் தெரிஞ்ச நமக்கு இது கஷ்டமில்லை.

'மொஹ்தரமா' (மதிப்புக்குரிய அம்மையார்) மேடைக்கும் கடிதத்துக்கும் சரி. மாடிப்படியில் வாடகை கொடுக்கும்போது சொன்னா கிண்டலாத்தான் கேட்கும்.

ஆனா எல்லாரையும் காலா ஆக்கிடாதீங்க. உங்களைவிட நாலைந்து வயசு மட்டும் மூத்தவங்கன்னா 'பாஜி' இல்லேன்னா 'ஆபா', ரெண்டுமே அக்கா முறை. சில வீடுகள்ல 'ஆன்ட்டி'தான் பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அவங்களை எப்படிக் கூப்பிடுதுங்கன்னு கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்க.