மனநலம், வேலை, தொழில்நுட்பம் பற்றிய உரையாடல் பாட்காஸ்ட்டை வீட்டிலேயே பதிவு செய்ய என்ன மைக் வாங்கலாம்?

கேள்வியில் உள்ள விவரம் இது: இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள், ஸ்டுடியோ இல்லை, பெரிய முதலீடும் இல்லை. வரப்போகும் விருந்தினர்களில் ஐடி ஆட்கள், ஊடகத்தில் வேலை பார்த்தவர்கள், மனநலச் சிகிச்சை பெற்று மீண்டவர்கள் எல்லாரும் உண்டு.

மைக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் அறை. நம் வீடுகளில் தரை டைல்ஸ், கூரை கான்கிரீட். குரல் மோதித் திரும்பி வந்து மைக்கில் விழும். இரைச்சலையாவது ஓரளவு குறைக்கலாம், எதிரொலியைப் பிறகு சுத்தமாக எடுக்க முடியாது. அதனால் ஹாலை விட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போங்கள். மெத்தை இருக்கும், ஜன்னலில் திரை இருக்கும். பீரோவில் கண்ணாடி இருந்தால் போர்வையால் மூடிவிடுங்கள், துணி அடுக்கிய அலமாரியைத் திறந்தே வையுங்கள். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தத்துக்குப் பின்னால் ‘ங்ங்’ என்று ஒரு வால் இழுத்தால் இன்னும் இரண்டு போர்வை தேவை.

ஃபேனைக் கட்டாயம் அணைக்க வேண்டும். ஏசி இருந்தால் அறையை நன்றாகக் குளிரவைத்து, பதிவு தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஓர் இடைவேளை விட்டால் வியர்வைத் தொல்லை இருக்காது. சமையலறையில் குக்கர் ஏறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் ஒலிப்பதிவு வேலைதான்.

இனி மைக். இணையத்தில் பார்த்துவிட்டு, மெல்லிய ஒலியையும் விடாமல் எடுக்கும் கண்டென்சர் மைக் வாங்கிவிடாதீர்கள். அது பக்கத்துத் தெரு நாயையும் சேர்த்துப் பிடிக்கும். கிட்டே பேசும் குரலை மட்டும் பெரிதாக எடுக்கும் டைனமிக் மைக் போதும். மேடைகளில் பார்க்கும் ஷூர் எஸ்எம்58 வகை, 1966 முதல் வருவது, இன்றும் பேச்சுக்கு நன்றாக உழைக்கும். ஆனால் அது கணினியில் நேராகச் செருக முடியாத எக்ஸ்எல்ஆர் மைக் என்பதால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், இரண்டு உள்ளீடு உள்ளதாக, வாங்க வேண்டும். இங்கே பலர் சறுக்குவது, செலவை மிச்சம் பிடிக்க இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கி ஒரே கணினியில் செருகுவதில்தான். பலர் பயன்படுத்தும் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டுக் கருவியைத்தான் எடுத்துக்கொள்ளும், இரண்டாவது மைக் சும்மா கிடக்கும்.

கையில் காசு குறைவென்றால் இரண்டு போன், இரண்டு வயர் காலர் மைக் போதும். ஆளுக்கு ஒரு போனில் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஃபிளைட் மோடு போடாவிட்டால் நடுவில் ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும், நின்றது பேச்சு முடியும்வரை யாருக்கும் தெரியாது. காலர் மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். துப்பட்டா, சங்கிலி, ஐடி கார்டு கயிறு மூன்றுமே எதிரிகள். விருந்தினர் தலையாட்டும்போதெல்லாம் சங்கிலி மைக்கில் ‘டிக் டிக்’ என்று தட்டும், நேரில் காதில் விழாது, ஹெட்போனில் மட்டும் கேட்கும். சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

தனித்தனிப் போனில் பதிவு செய்தால் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். முதலாவது, இரண்டு கோப்புகளையும் வரிசையில் பொருத்த. கடைசித் தட்டல் எதற்கென்றால், எந்த இரண்டு போனின் கடிகாரமும் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகும். ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் விழுந்திருந்தால் அந்த விலகல் எதிரொலியாகக் கேட்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அமைதியான இடத்தில் வெட்டி மறுபடி பொருத்தினால் தீரும்.

மேஜை மைக் என்றால் வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் முதல் ஒரு சாண்வரை இருக்கட்டும். நேராக வாய்முன் வைக்காமல் உதட்டோரமாகச் சற்றுச் சாய்த்து வைத்தால் ‘ப’வில் காற்று அடிக்காது. இரண்டு மைக்குகளுக்கு இடையே குறைந்தது அந்தத் தூரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும். பதிவு அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு என்று வையுங்கள். ஒரு மைக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும், இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். அளவுகாட்டி சாதாரணப் பேச்சில் மைனஸ் 18-க்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் இடையில் ஆடட்டும். சோதனையின்போது எல்லாரும் அடக்கமாகப் பேசுவார்கள், ஐந்தாவது நிமிடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலே இடம் விட்டு வைக்க வேண்டும்.

சோதனைக்கு “ஹலோ, ஒன் டூ த்ரீ” வேண்டாம். “காலையில என்ன சாப்டீங்க?” என்றால் “இட்லி” என்று முடித்துவிடுவார்கள். “வீட்லேர்ந்து இங்க எந்த வழியா வந்தீங்க?” என்று கேளுங்கள், அரை நிமிடம் இயல்பாகப் பேச்சு ஓடும், ஆளும் கொஞ்சம் தளர்வார்.

இவ்வளவு ஏற்பாடும் விருந்தினர் மைக்கை மறக்க வேண்டும் என்பதற்காகத்தான். முன்கூட்டியே கேள்விப் பட்டியல் அனுப்பினால் மனப்பாடம் செய்துகொண்டு வருவார். எதையெல்லாம் பேசப்போகிறோம், எதைத் தொடமாட்டோம் என்பதை மட்டும் 15 நிமிடம் போனில் பேசிக்கொள்ளுங்கள். கதையைப் போனிலேயே கேட்டுவிட்டால், பதிவில் “அன்னிக்குச் சொன்னேனே” என்று சுருக்கிவிடுவார். “மன அழுத்தம் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால் மேடைப்பேச்சுதான் வரும். “வேலைய விட்ட அன்னிக்குச் சாயங்காலம் முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?” என்று கேளுங்கள். பதில் முடிந்ததும் மூன்று நொடி சும்மா இருங்கள், நல்ல வரி பெரும்பாலும் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வரும். நடுநடுவே “ம்ம், கரெக்ட், ஓகே ஓகே” வேண்டாம், தலையசைத்தால் போதும்.

மைக்கை மறந்தவர் சொல்லக்கூடாததையும் சொல்லிவிடுவார். அங்கிருந்து பொறுப்பு உங்களுடையது. ஊடக வேலையைப் பற்றிப் பேசும்போது பழைய முதலாளியைப் பெயர் சொல்லித் திட்டுவார். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது, வெளியிட்டவரும் அதற்குள் வருவார். தொழில்நுட்பப் பேச்சில் இந்தச் சிக்கல் குறைவு. எந்த மாதம் பதிவு செய்தது என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டால் போதும், அதில் வரும் விவரங்கள் அவ்வளவு சீக்கிரம் பழசாகிவிடும்.

மனநலப் பகுதிக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. நிபுணர் என்று ஒருவரை அழைத்தால் தகுதியைப் பாருங்கள். மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார், பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில். ‘லைஃப் கோச்’ என்ற பட்டத்துக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. சொந்த அனுபவம் பேசுபவர் என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், வெட்டி முடித்த கோப்பை வெளியிடும் முன் அவரைக் கேட்கச் சொல்லுங்கள், அதுவரை எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்றும் ஒப்புதலில் இருக்கட்டும். மாத்திரைப் பெயரும் மில்லிகிராமும் வந்தால் எடுத்துவிடுங்கள். கேட்பவர் தன் மருந்தைத் தானே மாற்றுவார், அல்லது சட்டென்று நிறுத்துவார், அது ஆளைப் படுத்திவிடும். தற்கொலை பற்றிப் பேச்சு வந்தால் வழிமுறை, இடம், கடிதத்தில் எழுதியது எதுவும் ஒலிபரப்பாகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வதும் அதுவே. நெருக்கடியிலிருந்து எப்படி வெளியே வந்தார், யார் உதவினார்கள் என்பதை விரிவாக வையுங்கள். இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416 தொடக்கத்திலும் குறிப்புப் பகுதியிலும் இருக்கட்டும். இலங்கைக் கேட்பவர்களுக்கு 1926.

“எங்க பெரியப்பாவும் இப்படித்தான்” என்று ஒரு வரி வரும். சிறிய ஊர், தொழில், உறவுமுறை மூன்றும் சேர்ந்தால் பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும். அங்கே பீப் போடாதீர்கள், அது விரல் நீட்டிக் காட்டுவது மாதிரி. வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் இரைச்சல் நீக்கத்தை 6 முதல் 9 டெசிபலோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கடியில் போய்விடும். அதற்கு மாதிரியாகப் பதிவுக்கு முன் 15 நொடி அறையின் மௌனத்தை எடுத்து வைத்திருக்க வேண்டும். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டுங்கள், உரத்த இடங்களை அடக்கும் கம்ப்ரஷனை மூன்றுக்கு ஒன்று அளவில் வையுங்கள், கடைசியில் ஒலியளவு: காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் அலகில் ஸ்டீரியோ மைனஸ் 16, மோனோ மைனஸ் 19. மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியை மட்டும் தொடவே வேண்டாம். அழுகையை அடக்க ஒருவர் எடுத்துக்கொண்ட நான்கு நொடியை அது அரை நொடியாக்கிவிடும்.

எம்பி3 மோனோ 64 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி, மொபைல் டேட்டாவில் கேட்பவர்களுக்கு வசதி. அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். பாட்காஸ்ட் செயலிகள் உங்கள் பகுதிகளை எடுத்துக்கொள்ளும் ஆர்எஸ்எஸ் ஓடையில் (RSS feed) நீங்கள் தரும் மின்னஞ்சல் எல்லார் கண்ணிலும் படக்கூடும், அதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வேண்டாமா என்றால், முதல் பத்துப் பகுதிக்கு வேண்டாம். மைக்கை மறப்பவர்கூடக் கேமராவை மறக்கமாட்டார். இன்னொன்று, வெட்டி எறிந்த வரிகளெல்லாம் மூலக்கோப்பில் அப்படியே இருக்கும். வெளியிட்டு 30 நாள் கழித்து அழித்துவிடுவதாக ஒப்புதலிலேயே எழுதி, அழியுங்கள். போன் தானாகக் கிளவுடில் ஏற்றி வைத்திருக்கும் நகலையும் தேடிப் பார்த்து அழிக்க வேண்டும்.