மடிக்கணினியில் விளக்கு எரிந்தும் திரை கருப்பாகவே இருப்பது ஏன்?

பவர் விளக்கு எரிகிறது, மின்விசிறியும் சுழல்கிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகை) போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் சார்ஜரையும், கழற்றக்கூடியதாக இருந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்ததும் சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள்.

அப்போதும் திரை வராவிட்டால், கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அதன் விளக்கு எரிந்து அணைந்தால், கணினி இயங்குகிறது, குறை காட்சிப் பகுதியில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைத் திரைமேல் சாய்வாக அடிக்கும்போது எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிதான் பழுது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியில் படம் வந்தால், திரையையோ அதன் கேபிளையோ பார்க்க வேண்டும்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறவே இல்லையென்றால் என் முதல் சந்தேகம் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) மீதுதான். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்து, துகள்களை நீக்கி, சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

திறக்கும்போது பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டால், எதையும் தொடராமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது; தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.