பல நாள்பட்ட நோய்கள் உள்ள முதியோருக்கு ஏன் கூட்டு ஆய்வு தேவை?

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி என இரண்டோ அதற்கு மேலோ நாள்பட்ட நோய்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைப் பன்னோய் நிலை என்கிறோம். இதைப் பல துறை மருத்துவர்கள், மருந்தாளர்கள், தாதியர், நோயாளிகள், வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆராய்வதே கூட்டு ஆய்வு.

ஏன் சேர வேண்டும்? புதிய மருந்தைச் சோதிக்கும்போது, வேறு நோய்களும் உள்ள முதியவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. முடிவு குழம்பிவிடும் என்பார்கள். ஆனால் அந்த மருந்தை அதிகம் விழுங்கப்போவது அவர்கள்தான்! பலதுறை மருந்தகத்திலிருந்து பை நிறைய மாத்திரையோடு வரும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். முழங்கால் வலிக்கு அவர் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென் இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஒவ்வொரு நோயையும் தனித்தனியாக ஆராய்ந்தால் இது கண்ணில் படாமல் போகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும்போது குழாய் வேலை செய்பவரும் ஓடு பதிப்பவரும் பேசிக்கொள்ளாவிட்டால், ஒருவர் பதித்ததை அடுத்தவர் உடைப்பார். அதே கதைதான் இங்கும்.

சிங்கப்பூர்க் குடிமக்களில் 2030க்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். ஒருவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்று 2023இல் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம் கூட்டு ஆய்வுக்கு நல்ல அடித்தளம்.

கூட்டு ஆய்வு என்றால் மருத்துவமனைகள் தரவைப் பகிர்ந்துகொள்வது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை அளவு முக்கியமா, தேக்கா சந்தைக்குத் தானே நடந்துபோவது முக்கியமா என்று பாட்டியிடமே கேட்டு ஆய்வுக் கேள்வியை அமைப்பதும் அதில் அடங்கும்.