"நைட்ரஸ் போட்டாலும் டைமிங்கைத் தொட வேண்டாம்" என்கிறது பட்டறை: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 1997 மாடல் 1.3 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வைத்த இன்ஜின். ரேஸ் டிராக்கில் ஓட்ட 50 குதிரைத்திறன் நைட்ரஸ் கிட் (இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தும் கருவி) போட ஆசை. புதுச்சேரியில் ஒரு பட்டறையில், பழைய நைட்ரஸ் சிலிண்டரோடு சேர்த்து 85,000 ரூபாய் கேட்கிறார்கள். டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) தொடவே வேண்டாம், மாட்டிவிட்டு அப்படியே ஓட்டலாம் என்கிறார்கள். டைமிங்கைக் குறைக்காமல் ஓட்டினால் இன்ஜின் போய்விடும் என்கிறான் நண்பன். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி.

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் முழுக்க எரிந்துவிடாது, கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதனால்தான் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது, பிஸ்டன் மேலே வந்து சேர கிராங்க் சுழற்சியில் சுமார் 30 டிகிரி இருக்கும்போதே பொறி விழுகிறது. அழுத்தம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி போல இறங்கியிருந்தால்தான் அந்த வேகம் சக்கரத்துக்குப் போகும். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36. கூடுதல் ஆக்சிஜன், கூடுதல் பெட்ரோல் என்று உள்ளே போனால் எரிவது வேகமாகிவிடும். பொறி பழைய நேரத்திலேயே விழுந்தால் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் அதன் தலையில் இறங்கும். இன்ஜின் உள்ளுக்குள் தட்டும் நாக்கிங் தொடங்குவது அங்கேதான்.

செம்மண்டலத்தில் ஒரு லேத் பட்டறை மேசையில் அப்படி அடிவாங்கிய பிஸ்டன் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகு வழிந்தது போல அலுமினியம் உருகி உறைந்திருந்தது. மேல் ரிங் பள்ளத்தைக் காணவே காணோம். வண்டிக்காரர் சுவிட்சை அழுத்தியது மொத்தம் மூன்றே தடவை.

எத்தனை டிகிரி குறைப்பது, அதாவது பொறியை எவ்வளவு தாமதமாக விழ வைப்பது? 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்த டைமிங் 32 என்றால் 30-க்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் இது பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் பழகிய கணக்கு. உங்கள் நாலு சிலிண்டரில் அதே 50 குதிரைத்திறன் பிரியும்போது ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரட்டிப்புச் சுமை. அதனால் 2 டிகிரியைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டோடு வரும் தாளில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. என்னைக் கேட்டால், இந்த இன்ஜினுக்கு 25 குதிரைத்திறன் ஜெட்டோடு (நைட்ரஸ் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) நிறுத்திக்கொள்ளலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தித் திருப்புவது ஐந்து நிமிட வேலை. சரிபார்ப்பதில்தான் பட்டறையின் தரம் தெரியும். ஐடிலில் மட்டும் டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் போதாது. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஆர்பிஎம்மை ஏற்றி, டைமிங் அட்வான்ஸ் (பொறி முன்கூட்டி விழும் அளவு) இனி ஏறாது என்ற இடத்தில் கிராங்க் புல்லியின் குறியைப் பார்க்க வேண்டும். இதை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். 'டைமிங் லைட்டா, காதால் கேட்டே வைத்துவிடுவேன்' என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம், நைட்ரஸ் பாயும்போது மட்டும் டைமிங்கைக் குறைக்கும் எலக்ட்ரானிக் பெட்டியும் உண்டு. அதைப் போட்டால் மற்ற நேரத்தில் இழுவை குறையாது.

பிளக்கும் ஒரு படி குளிர்ந்த ரகமாக வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் பிஸ்டன் அடிவாங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு இன்னும் டிகிரி குறையுங்கள். புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் தாண்டிப் போய்ப் பெட்ரோல் போடுவது கடலூர்க்காரர்கள் பழக்கம். அதில் காசுதான் மிச்சம், நாக்கிங்கைத் தாங்கும் ஆக்டேன் அளவு ஏறாது. இந்த வேலைக்கு 95-க்குக் குறையாத ஆக்டேன் உள்ள பெட்ரோல் போடுங்கள்.

பழைய சிலிண்டர் என்கிறீர்களே, எனக்குப் பெரிய கவலை அதுதான். கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் படித்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தாலோ, குறியே இல்லாவிட்டாலோ தொடாதீர்கள். ஆஸ்பத்திரியின் நீல நிறச் சிலிண்டரைக் காட்டினாலும் வேண்டாம். நிரப்பும்போது கேஜைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் கேஜ் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும். தராசில் வைத்து, வெறும் எடையைக் கழித்துப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே இருக்காது, அழுத்தம் 1,050 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய டிக்கியில் அந்தச் சூடு சர்வ சாதாரணம். அழுத்தம் ஏறினால் நைட்ரஸ் அதிகமாகவும் பெட்ரோல் அதே அளவிலும் போகும். காலையில் பார்த்துப் பார்த்து வைத்த டைமிங் மத்தியானம் பொருந்தாது.

ரோட்டில் ஓட்டும் எண்ணம் வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என்னுடையது 2021 மாடல். பிளக்குக்கு ஒரு காயில் இருக்கிறது. இதில் டைமிங்கை எங்கே திருப்புவது?
- வாசகர், அரியாங்குப்பம்

பதில்: திருப்ப இடமே இல்லை. எல்லாம் இன்ஜினை நடத்தும் கணினியான இசியூ கையில். மென்பொருளை மாற்றி எழுதித்தான் குறைக்க முடியும். நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று விற்பவர் சொல்வார். இன்ஜின் தட்டிய பிறகுதான் அந்த சென்சார் அதைக் கண்டு டைமிங்கைக் குறைக்க வைக்கும், நைட்ரஸில் முதல் தட்டே அதிகம். வாரண்டி போய்விடும், இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: கிட்டுக்காகப் புதுச்சேரிக் கடையில் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. பொருளும் வரவில்லை, பணமும் வரவில்லை. நான் கடலூரில் இருந்துகொண்டு என்ன செய்வது?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். பல கடைகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ரசீது இல்லையென்றால் பணம் அனுப்பிய வங்கி விவரத்தையும், 'அடுத்த வாரம் வந்துடும்' என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றே பிரிண்ட் எடுத்து வையுங்கள்.