பையைக் குடுங்க, நான் வச்சுக்கறேன்

அன்புள்ள ஐயா,

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் டவுன் பஸ்ஸில் போகிறேன். உள்ளே இடம் இருந்தும் எல்லாரும் படியருகிலேயே நிற்பது ஏன்? பெரியவர்களுக்காக எழுந்தால் வேறு யாரோ உட்கார்ந்துவிடுகிறார்கள், என்ன செய்வது? இன்னொன்று, பக்கத்தில் இருப்பவர் போனில் சத்தமாக வடிவேலு காமெடி வைக்கிறார். எனக்கும் வடிவேலு என்றால் உயிர், ஆனாலும் எரிச்சல் வருகிறது. சொன்னால் சண்டைக்கு வருவாரோ என்று பேசாமல் இருக்கிறேன்.

ஒரு வாசகி, தாம்பரம்

அன்புள்ள வாசகிக்கு,

படியருகே நிற்பவர்கள் பெரும்பாலும் அடாவடிக்காரர்கள் அல்ல, பயந்தவர்கள். உள்ளே போனால் நம் ஸ்டாப்பில் இறங்க முடியாது என்ற பயம். அப்படிப் பத்துப் பேர் வாசலை அடைத்ததும் நிஜமாகவே யாராலும் இறங்க முடிவதில்லை. ஒருமுறை இறங்க முடியாமல் அடுத்த ஸ்டாப்வரை போனவர், மறுநாளிலிருந்து தானும் வாசலிலேயே நின்றுகொள்கிறார். கண்டக்டர் எத்தனை தடவை "உள்ள போங்க" என்று கத்தினாலும் இதனால்தான் கூட்டம் அசைவதில்லை.

எப்போது நகர்வது என்று தெரிந்தால் பயம் போய்விடும். ஏறியதும் நடுப்பகுதிவரை போய்விடுங்கள். கிண்டியில் இறங்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் வரும் ஆசர்கானா ஸ்டாப்பில் வண்டி நின்று ஆட்கள் இறங்கி ஏறும்போதே வாசல் பக்கம் வாருங்கள். ஓடும் வண்டியில் நெரித்துக்கொண்டு வந்தால் ஒரு பிரேக்கில் யார் மேலாவது விழ வேண்டியிருக்கும். முன்னால் நிற்பவரிடம் "இறங்கறீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள், இல்லை என்றால் இடம் மாறிக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, கால்களை அகட்டி வைத்து நிற்பது நல்லது. பிரேக் போட்டால் உடம்பு டிரைவர் பக்கம்தான் சாயும், அந்தப் பக்கத்துக் கால் தாங்கிக்கொள்ளும்.

முதுகுப்பை ஒரு ஆள் நிற்கும் இடத்தை அடைக்கிறது. திரும்பும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் இடிக்கிறது, மாட்டியிருப்பவருக்கு அது தெரிவதும் இல்லை. கழற்றி முன்பக்கம் மாட்டலாம், அல்லது சீட்டில் இருப்பவரிடம் கொடுக்கலாம். "பையைக் குடுங்க, நான் வச்சுக்கறேன்" என்று முன்பின் தெரியாதவர் கை நீட்டுவதை நம் பஸ்களில் இன்றும் பார்க்கிறோம். நம் ஊர் பஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இதுதான். கொடுப்பவர் பணத்தையும் போனையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஜிப்பை மூடி, உள்ளே சாம்பார் டிபன் இருந்தால் "நேரா பிடிங்க" என்று சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் பையை மடியில் நிமிர்த்தி வைத்து, பிடியை வெளிப்பக்கம் விட்டால் இறங்குகிறவர் ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்வார். வாங்கியவர் முதலில் இறங்குவதாக இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னதாகவே சொல்லிவிடுவது மரியாதை.

டிக்கெட் காசு கைமாறிப் போகும்போது நடுவில் இருப்பவர்கள் ஊர்ப்பெயரையும் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "ரெண்டு கிண்டி". வெறும் நோட்டு மட்டும் போனால் கண்டக்டர் திரும்பக் கேட்பார், அதற்குள் ஒரு ஸ்டேஜ் தாண்டிவிடும். பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்தால் இறங்கும் நேரத்தில் கேட்காதீர்கள், கூட்டம் குறைந்ததும் கேளுங்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் காசு இல்லை என்றாலும் அந்த இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குக்கூட "போலாம் ரைட்" என்று கத்த வேண்டாம். ஒரு விசிலுக்கு நிற்பதும் இரண்டு விசிலுக்குக் கிளம்புவதும் டிரைவருக்குப் பழக்கம். ஒருவர் படியில் கால் வைத்திருக்கும்போது வரும் தவறான குரல் உயிரையே எடுத்துவிடும்.

இடம் கொடுப்பதில் எல்லாரும் செய்யும் தவறு, முதலில் எழுந்துவிடுவது. உட்கார்ந்தபடியே "அம்மா, இங்க வாங்க" என்று கூப்பிடுங்கள். அவர் வந்து கம்பியைப் பிடித்த பிறகு, அவர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக எழுந்து நகருங்கள். நடுவில் யாரும் நுழைய முடியாது. ஜன்னலோரத்தில் இருந்தால் வழியோரத்தில் இருப்பவரை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு எழ வேண்டும்.

கடைசியாக வடிவேலு. இன்ஜின் சத்தத்தை மீறி வசனம் கேட்கத்தான் பக்கத்தில் இருப்பவர் ஒலியைக் கூட்டி வைக்கிறார். காமெடியில் முணுமுணுப்பும் உண்டு, அலறலும் உண்டு. முணுமுணுப்புக்குக் கூட்டி வைத்த ஒலியில் அலறல் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு நடுவில் விளம்பரம். டிவியானாலும் போனானாலும் விளம்பரங்களில் மெல்லிய ஒலிகளையும் தூக்கி, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே உரப்பில் பதிவு செய்கிறார்கள். அதனால் ஒலியளவு மாறாமலேயே இரண்டு மடங்கு சத்தம்போலக் காதில் அறைகிறது. உங்களுக்கோ திரையும் தெரியவில்லை. வடிவேலு வசனத்தில் பாதி, முகத்தில் பாதி. முகம் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும், அதனால் உங்கள் ரசனை குறைந்துவிடவில்லை.

அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். "சத்தத்தை நிறுத்துங்க" என்றால் முறைப்பார். விளம்பரம் ஓடும் நேரம் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் குறைச்சு வைங்களேன், தலை வலிக்குது" என்றால் பெரும்பாலும் குறைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவருக்கும் அது தொந்தரவுதானே. குறைக்காவிட்டால் வாக்குவாதம் வேண்டாம், கண்டக்டரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.