விந்தைக் கழுவினால் நிறமூர்த்தம் திருந்தாது

கேள்வி: எனக்கு 34 வயது, மனைவிக்கு 30. மூன்று தடவை கரு உண்டாகி மூன்றும் அழிந்துவிட்டன. இரத்தம் சோதித்ததில் மனைவிக்குப் பிழையில்லை. எனக்கு மூன்று நிறமூர்த்தங்களில் துண்டுகள் இடம் மாறியிருப்பதாக றிப்போட் வந்தது. விந்தைச் சோதித்து நல்ல அணுக்களை மட்டும் பிரித்துத் தரலாம், ஆறு இலட்சம் ஆகும் என்று வவுனியாவில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? 2009 இல் பட்ட ஷெல் புகையால் வந்ததா இது? — நெடுங்கேணி வாசகர்

பதில்: தம்பி, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

விந்தணுவின் நிறமூர்த்தங்களை, அதாவது கலத்துக்குள் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் இழைகளை, பார்க்கும் சோதனை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அந்த ஆள் உங்களைப் பிடித்திருக்கிறார். அணுவைக் கண்ணாடித் தட்டில் காயவைத்து, மருந்தால் தலையை ஊதவைத்து, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். பார்த்து முடிகிறபோது அந்த அணு செத்துப்போயிருக்கும். நூறில் எத்தனை சரி என்ற கணக்குத்தான் மிஞ்சும். விந்தில் அணுவைப் பிரித்துத் தருகிற ‘கழுவுதல்’ என்பதோ நன்றாக நீந்துகிறவற்றைப் பிரித்தெடுப்பது மட்டுமே. துண்டு குறைந்த அணுவும் அழகாக நீந்தும். இதே கதைக்குக் காணியை ஈடுவைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறமூர்த்தம் ஒன்றை ஒரு கொப்பியாக நினையுங்கள். மூன்று கொப்பிகளின் தாள்கள் கழன்று, ஒன்றில் ஒன்றாக மாறிக் கட்டுப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். தாள் ஒன்றும் தொலையவில்லை, அதனால் நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள். நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக இருப்பதால், உங்களிடம் மாறாத கொப்பிகள் மூன்று, மாறியவை மூன்று. விந்தணு உருவாகும்போது இந்த ஆறும் ஒன்றோடொன்று பிணைந்து, பிறகு பிரிய வேண்டும். மாறாத மூன்றும் சேர்ந்து போனால் சரி, மாறிய மூன்றும் சேர்ந்து போனாலும் சரி. கலந்து போனால் சில தாள் இரட்டிக்கும், சில இல்லாமல் போகும். ஆறு கொப்பிகளை இரண்டு கூடையில் போட 64 வழி உண்டு, அதில் சரியானவை இரண்டே. எல்லா வழியும் ஒரே அளவில் நடப்பதில்லை, ஆகவே உண்மை நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இரண்டு நிறமூர்த்தம் மட்டும் மாறியவரைவிட உங்களுக்குக் கெட்ட அணு கூட.

அதற்காகச் சுகமான பிள்ளையே பிறக்காது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அப்படிச் சொல்லக்கூடிய நிலை ஒன்று வேறாக உண்டு: 21ஆம் நிறமூர்த்தச் சோடியின் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது. அப்படி உள்ளவருடைய அணுவில் ஒன்றில் இரண்டு 21உம் சேர்ந்து இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. பிள்ளை பிறந்தால் ஏறக்குறைய எப்போதும் டவுன் நிலைதான். 21உம் 14உம் ஒட்டியிருந்தால் அப்படியில்லை, 21உம் 21உம் ஒட்டியிருந்தால் மட்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ‘ஒட்டியிருக்கு’ என்று பயமுறுத்துகிறவர்கள் இருப்பதால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன். உங்கள் றிப்போட்டில் இருப்பது அதுவல்ல.

புகை காரணமில்லை. சோதித்த கலங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாற்றம் இருக்கிறதென்றால், நீங்கள் கருவானபோதே அது வந்துவிட்டது. குடும்ப வழியாக வரும் இப்படிச் சிக்கலான மாற்றம் பெரும்பாலும் தாய் வழியாகவே வரும், ஏனென்றால் இது உள்ள ஆண்கள் பலருக்கு விந்தணு மிகக் குறைவு. ஆகவே முதலில் அம்மா, அப்பா, சகோதரங்கள் இரத்தம் கொடுக்கட்டும்.

சோதனைக்குழாய் முறையில் முளையத்திலிருந்து (சில நாள் வளர்ந்த கருவிலிருந்து) சில கலங்கள் எடுத்துப் பார்க்கலாம். நல்ல முளையம் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம் என்பதை முற்பணம் கட்டமுதல் கேட்டு எழுதி வாங்குங்கள். தானாகக் கரு தங்கினால் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் தாயின் உயிருக்கு ஆபத்தென்றாலொழியக் கருக்கலைப்புக்கு எங்கள் சட்டம் இடம் தராது என்பதை அந்த ஊசிக்கு முன்னரே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். வாழ்க்கையையே மாற்றும் றிப்போட்டை ஆங்கிலக் குறியீட்டில் இரண்டு வரி எழுதிக் கையில் திணித்து அனுப்பினால், சனம் ஏஜென்டிடம் போகாமல் வேறெங்கே போகும்?

அம்மாவின் இரத்தத்தையும் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். இந்தச் சோதனைக்குக் கலம் உயிரோடு வளரவேண்டும். வழக்கமாகப் பச்சை மூடிக் குழாயில்தான் எடுப்பார்கள். ஊதா மூடியில் எடுத்து, ஏ9 வெயிலில் பஸ்ஸில் வைத்தோ ஐஸில் உறையவைத்தோ கொண்டுபோனால் பெரும்பாலும் வளராது, திரும்பவும் குத்துவார்கள். இரவு பஸ் ஏறி, ஆய்வுகூடத்திலேயே நேரில் கொடுங்கள். உங்கள் பழைய றிப்போட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.